வாக்களிக்கத் தகுதி: ஜேசன் பிரென்னனை வாசித்தல்



ஆண்டுக்கு ஒரு சிந்தனையாளரின் பணியை எடுத்துக்கொண்டு இந்த மேடையில் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் ஏற்பாடு. நான் கொடுத்த பெயரைக் கேட்டதும் அமைப்பாளர்கள் சற்றுத் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிந்தது. ஜேசன் பிரென்னன் என்ற அந்த அமெரிக்கப் பேராசிரியர் 'ஜனநாயகத்துக்கு எதிராக' என்று தம் நூலுக்குப் பெயர் வைத்தவர். ஆசிரியராக வாழ்ந்து, ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து இந்த நிதியை வைத்துவிட்டுப் போன பெரியவர், வாழ்நாள் முழுவதும் தேர்தல் பணிக்குச் சலிக்காமல் போனவர். அவர் பெயரால் நடக்கும் கூட்டத்தில் இப்படி ஒருவரைப் பற்றிப் பேசலாமா? பேசித்தான் ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதற்குக் காரணம் ஒரு வாக்குச்சாவடியில் இருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சட்டமன்றத் தேர்தலில் நான் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தேன். கிராமத்துத் தொடக்கப்பள்ளி, இரண்டு வகுப்பறை. பிற்பகல் வெயிலில் ஒரு மூதாட்டி தனியாக வந்தார். விரலில் மை வைத்தாயிற்று, பதிவேட்டில் கைநாட்டு ஆயிற்று. அட்டை மறைப்புக்குப் பின்னால் போனவர் திரும்பி என்னிடம் வந்தார். "ஐயா, நீங்கல்லாம் படிச்சவங்க. எதுல அமுக்குனா ஊருக்கு நல்லதுன்னு சொல்லுங்க, அமுக்கிட்டுப் போறேன்" என்றார். பூத் ஏஜென்டுகள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "பாட்டி, அத நான் சொல்லக் கூடாது. உங்களுக்கு எது சரின்னு படுதோ அத அமுக்குங்க" என்றேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "படிச்சவங்களே சொல்லலைன்னா அப்புறம் யாரு சொல்லுவா?" என்று கேட்டுவிட்டு மறுபடி உள்ளே போனார். நெடுநேரம் கழித்துத்தான் இயந்திரத்தின் ஒலி கேட்டது.

சட்டப்படி நான் செய்தது சரி. ஆனால் அவர் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. படித்தவர்கள் முடிவு செய்தால் என்ன என்ற அதே கேள்வியைத் தத்துவமாக்கி, அதற்குத் துணிந்து பதிலும் எழுதியவர் பிரென்னன். அந்தப் பதிலில் பாதியை நான் ஏற்கிறேன். மறுபாதியை முழு மனத்தோடு மறுக்கிறேன். இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

பிரென்னன் 1979இல் பிறந்தவர். 2007இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் டேவிட் ஷ்மிட்ஸ். பிறகு பிரௌன் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள். 2011 முதல் வாஷிங்டன் நகரின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில், மெக்டோனோ வணிகப் பள்ளியில் கற்பிக்கிறார். ஒரு தத்துவ ஆசிரியர் வணிகப் பள்ளியில் இருப்பது தற்செயல் இல்லை. பொருளியலாளர்களும் அரசியல் அறிவியலாளர்களும் திரட்டிய தரவுகளைப் படிக்காமல் அரசியல் தத்துவம் பேசுவது வெறும் விருப்பப் பேச்சு என்று நினைப்பவர் அவர்.

அவரை லிபர்டேரியன் என்று சொல்வார்கள். தமிழில் தனிமனித விடுதலைவாதி எனலாம். ஒருவருடைய உடலும் உழைப்பும் உடைமையும் அவருடையவை, அரசு அதில் கை வைக்க வேண்டுமென்றால் மிக வலுவான காரணம் காட்ட வேண்டும் என்பது இந்த மரபின் அடிப்படை. நம் ஊரில் இதைக் கேட்டவுடன் பணக்காரர்களின் தத்துவம் என்று ஒதுக்கிவிடுகிறோம். பிரென்னன் சார்ந்திருக்கும் கிளை, ஒரு சமூக ஏற்பாடு ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்பதையும் அளவுகோலாக வைத்துக்கொள்வது. பாஸ் வான் டெர் வோசனுடன் சேர்ந்து 2018இல் அவர் எழுதிய நூல், பணக்கார நாடுகள் தம் எல்லைகளை ஏழை நாட்டுத் தொழிலாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று வாதிடுகிறது. ஆகவே அவரை வலதுசாரி என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட முடியாது.

இந்த விடுதலைவாதம்தான் வாக்குரிமை பற்றிய அவர் பார்வைக்கு வேர். நாம் வாக்குரிமையைப் பேச்சுரிமையோடும் வழிபாட்டுரிமையோடும் ஒரே வரிசையில் வைத்துப் பழகிவிட்டோம். பிரென்னன் அங்கேயே நம்மை நிறுத்துகிறார். நான் எந்தக் கோயிலுக்குப் போகிறேன் என்பது என்னைப் பற்றியது. நான் யாருக்கு வாக்களிக்கிறேன் என்பது என்னைப் பற்றியது மட்டும்தானா? என் வாக்கும் என் போன்றவர்களின் வாக்கும் சேர்ந்து, வேறொருவர் கட்ட வேண்டிய வரியை, அவர் போக வேண்டிய சிறையை, அவர் பிள்ளை போக வேண்டிய போரை முடிவு செய்கின்றன. அப்படியானால் வாக்கு என்பது அடுத்தவர் மேல் செலுத்தும் அதிகாரம். அதிகாரம் என்று ஆனபின் அதைப் பொறுப்போடு செலுத்துகிறாயா என்று கேட்பதில் என்ன தவறு? இந்த இடத்தில் அவரை மறுக்க எனக்கு இதுவரை வழி தெரியவில்லை.

'வாக்களிப்பின் அறம்' என்ற நூல் 2011இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, மோசமான வாக்கு காற்றை மாசுபடுத்துவதைப் போன்றது என்ற வாதத்தை ஒரு கட்டுரையில் வைத்துவிட்டார். ஒரு வண்டிப் புகை ஊரைக் கெடுத்துவிடாது. லட்சம் வண்டிப் புகை கெடுக்கும். ஆகவே தனி ஒருவரின் புகையால் ஒன்றும் ஆகாது என்ற கணக்கு, புகை விடுவதற்கு நியாயம் ஆகாது. இதையே நூலில் இன்னும் கடுமையான கற்பனை ஒன்றால் சொல்கிறார். நூறு பேர் கொண்ட படை ஒன்று குற்றமற்ற குழந்தையை நோக்கித் துப்பாக்கி நீட்டி நிற்கிறது. நீங்கள் நூற்றோராவது ஆளாகச் சேர்ந்து சுட்டாலும் சுடாவிட்டாலும் குழந்தை இறக்கத்தான் போகிறது. அதற்காகச் சேரலாமா? கூடாது என்று நம் மனசாட்சி உடனே சொல்கிறது. அவர் கேட்பதும் அவ்வளவுதான்.

அந்த நூலின் முடிவு எளிமையானது. வாக்களிப்பது பொதுவாக யாருக்கும் கடமை இல்லை. ஆனால் வாக்களித்தால் நன்றாக வாக்களிப்பது கடமை. நன்றாக என்றால், போதிய ஆதாரத்தோடு எண்ணிப் பார்த்து, பொதுநலத்தை நோக்கி வாக்களிப்பது. அது முடியாதவர் விலகி நிற்பதே அறம்.

வாக்களிப்பது கடமை இல்லை என்று அவர் எப்படிச் சொல்லத் துணிகிறார்? சமுதாயத்துக்கு நாம் பட்டிருக்கும் கடனை வாக்குச்சாவடியில் மட்டும்தான் தீர்க்க வேண்டும் என்று எவரும் நிறுவியதில்லை என்கிறார். பிரசவம் பார்க்கும் செவிலியரும் கழிவுநீர்க் குழாயைச் சீர்செய்கிறவரும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறவரும் தம் வேலையாலேயே பொதுநலத்துக்குப் பங்களித்துவிடுகிறார்கள். அரசியலே குடிமைப் பண்பின் உச்சம் என்ற எண்ணம் அரசியலில் இருப்பவர்களுக்கு வசதியானது. இந்தப் பகுதியை வாசித்தபோது எனக்கு ஒரு விடுதலை உணர்வு கிடைத்தது. நூறு சதவீத வாக்குப்பதிவு என்று மாணவர்களை ஊர்வலம் அழைத்துப் போன ஆண்டுகளில், யாருக்கு, எதை அறிந்து வாக்களிப்பது என்று ஒரு நாளாவது அவர்களோடு உட்கார்ந்து பேசினேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

இதே நூலில் நமக்கு மிக நெருக்கமான ஓர் அத்தியாயமும் உண்டு. வாக்கை விற்பது தன்னளவில் தவறா என்பது கேள்வி. பணம் வாங்குவது தவறு இல்லை, பணத்துக்காக மோசமாக வாக்களிப்பதே தவறு என்கிறார். ஆய்ந்தறிந்து சரியானவருக்கு வாக்களிக்கப் போகும் ஒருவர் அதற்குக் கூலி பெற்றால் யாருக்குக் கேடு என்பது அவர் தர்க்கம். தாளில் பிழை தெரியாது. ஆனால் பணப் பட்டுவாடாவுக்காகவே 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் நிறுத்தப்பட்டதையும், 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்தானதையும் பார்த்த நமக்கு அந்தத் தாளில் இல்லாத ஒன்று தெரியும். இங்கே பணம் ஒருவரிடம் தனியாகப் பேரம் பேசுவதில்லை. வீடு வீடாக, பட்டியலோடு வருகிறது. வாங்கியவர் மனத்தில் அது ஒரு கடன்பாட்டை விதைக்கிறது. கை நீட்டி வாங்கிவிட்டோமே என்று நேர்மையானவர்கள்தான் அதிகம் கட்டுப்படுகிறார்கள். மனிதர்களின் நேர்மையையே பிடியாகக் கொண்டு அவர்களை இழுக்கும் இந்த ஏற்பாட்டைத் தனிநபர் ஒப்பந்தத்தின் மொழியால் அளக்க முடியாது.

தனி வாக்கின் எடை பற்றியும் ஒரு சொல். ஆண்ட்ரூ கெல்மன் முதலிய புள்ளியியலாளர்கள் 2008 அமெரிக்க அதிபர் தேர்தலை வைத்துக் கணக்கிட்டார்கள். ஒரு வாக்காளரின் வாக்கு முடிவைத் தீர்மானிக்கும் வாய்ப்பு சராசரியாக 6 கோடியில் ஒன்று. இவ்வளவு சிறிய பலனுக்காக யார் இரவு விழித்து வரவுசெலவுத் திட்டத்தைப் படிப்பார்கள்? அறியாமல் இருப்பதே லாபம் என்ற நிலை அங்கே உருவாகிவிடுகிறது. 1957லேயே ஆண்டனி டவுன்ஸ் என்ற பொருளியலாளர் இதைச் சொல்லிவிட்டார். 2016 ராதாபுரத்தில் 49 வாக்கில் முடிவு வந்ததே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அப்போதும் ஒரு தனி வாக்கு மாறியிருந்தால் முடிவு மாறியிருக்காது என்பார் பிரென்னன். வாக்காளர்கள் மந்தமானவர்கள் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. புத்திசாலிகளையும் அறியாமையில் உட்காரவைக்கும் அமைப்பு இது என்கிறார்.

இதுவரை வந்த பிரென்னனை எந்த மேடையிலும் வழிமொழிவேன். அவர் என்னைப் பார்த்து, உன் கையில் இருக்கும் அதிகாரத்துக்கு நீ தகுதியா என்று என்னையே கேட்கச் சொல்கிறார். இதற்கு அடுத்த அடியில்தான் அந்தக் கேள்வியை அரசின் வாயில் வைக்கிறார்.

அந்த அடி ஒரு நீதிமன்றக் காட்சியில் தொடங்குகிறது. அமெரிக்காவில் குற்ற வழக்கில் சாதாரணக் குடிமக்களே ஜூரிகளாக அமர்ந்து தீர்ப்புச் சொல்கிறார்கள். சாட்சியத்தைக் கேட்காமலே ஒரு ஜூரி குழு தீர்ப்புச் சொன்னால்? இன்னொரு குழு வெறுப்பால் சொன்னால்? மற்றொன்று பணம் வாங்கிக்கொண்டு சொன்னால்? அந்தத் தீர்ப்பை ஏற்குமாறு எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. தன் உயிரையும் உடைமையையும் பாதிக்கும் முடிவு தகுதியுள்ளவர்களால், தகுதியான முறையில் எடுக்கப்பட வேண்டும் என்று கேட்கக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உரிமை உண்டு. வாக்காளர் கூட்டமும் ஒரு மாபெரும் ஜூரிதானே, அதனிடம் மட்டும் ஏன் தகுதி கேட்கக் கூடாது என்கிறார் பிரென்னன்.

'ஜனநாயகத்துக்கு எதிராக' 2016இல் வெளியாயிற்று. அந்த ஆண்டு ஜூன் 23இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேற வாக்களித்தது. நவம்பரில் டிரம்ப் வென்றார். பல ஆண்டு உழைப்பில் எழுதப்பட்ட ஒரு கல்வித்துறை நூல் அந்த இரண்டு அதிர்ச்சிகளுக்கும் விளக்கவுரை போல வாசிக்கப்பட்டது. தோற்ற தரப்பினர் அதைக் கையில் எடுத்தார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஏனென்றால் நூலின் விமரிசனம் படித்த நடுத்தர வர்க்கத்தின் மேலும் அதே கடுமையோடு விழுகிறது.

வாக்காளர்களை அவர் மூன்று மாதிரிகளாகப் பிரிக்கிறார். டோல்கீன் கதைகளில் வரும் ஹாபிட்டைப் போல அரசியலில் அக்கறையே இல்லாதவர்கள் ஒரு வகை. கால்பந்து ரசிகக் கூட்டத்தின் ரௌடிகளைப் போலத் தம் அணிக்காக மட்டும் செய்தியைத் தேடித் தேடிப் படிப்பவர்கள் அடுத்த வகை. அறிவியல் புனைகதையில் தர்க்கத்தால் மட்டும் இயங்கும் வல்கன்களைப் போல, ஆதாரம் மாறினால் கருத்தையும் மாற்றிக்கொள்பவர்கள் மூன்றாம் வகை. இவர்கள் மிகக் குறைவு. அரசியல் விவாதத்தில் இறங்க இறங்க ஹாபிட்டுகள் வல்கன்களாக உயர்வார்கள் என்பது பழைய நம்பிக்கை. பெரும்பாலும் ரௌடிகளாகத்தான் மாறுகிறார்கள் என்று பல ஆய்வுகளைக் கொண்டு அவர் காட்டுகிறார். தினமும் நான்கு செய்தித்தாள் படித்து, தன் கட்சிக்குப் பாதகமான செய்தியை மட்டும் நம்ப மறுக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. உங்களுக்கும் இருப்பார்கள்.

அறியாமைக்கும் அவர் நாட்டில் ஆதாரம் நிறைய. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அனென்பெர்க் மையம் 2016இல் எடுத்த கணிப்பில், அரசின் மூன்று துறைகளின் பெயரையும் சொல்ல முடிந்தவர்கள் 26 சதவீதம். பனிப்போர் உச்சத்தில் இருந்த 1964இல், சோவியத் ஒன்றியம் நேட்டோவில் உறுப்பு நாடு இல்லை என்பது பெரும்பான்மையானவர்களுக்குத் தெரியவில்லை.

ஜனநாயகத்தை அவர் ஒரு சுத்தியலாகப் பார்க்கிறார். சுத்தியலின் மதிப்பு அது செய்யும் வேலையில் இருக்கிறது. அதைவிட நன்றாக ஆணி அடிக்கும் கருவி கிடைத்தால் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். அந்த மாற்றுக் கருவியின் பெயர் எபிஸ்டோக்ரசி, அறிந்தோர் ஆட்சி. சர்வாதிகாரத்தையோ ஒரு சிறு குழுவின் ஆட்சியையோ அவர் கேட்கவில்லை. நாடாளுமன்றம், நீதிமன்றம், உரிமைகள் எல்லாம் அப்படியே இருக்கும். வாக்கின் பங்கீடு மட்டும் மாறும். ஓர் அடிப்படை அறிவுத்தேர்வில் தேறியவர்களுக்கு மட்டும் வாக்கு என்பது ஒரு வடிவம். எல்லாருக்கும் ஒரு வாக்கும் அறிந்தவர்களுக்குக் கூடுதல் வாக்கும் என்பது இன்னொன்று. குலுக்கலில் சிலரைத் தேர்ந்து, பயிற்சி தந்து, அவர்களை மட்டும் வாக்களிக்கச் செய்வது மற்றொன்று. இவற்றைச் சிறிய அளவில் சோதித்துப் பார்க்கலாம் என்கிறார்.

இவற்றில் புதியது குறைவு. கூடுதல் வாக்கை 1861லேயே ஜான் ஸ்டூவர்ட் மில் முன்மொழிந்துவிட்டார். பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் வாக்கு வேண்டும் என்று வாதிட்ட அதே மில், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வேண்டாம் என்றார், கல்வியில் உயர்ந்தவர்களுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டும் என்றார். 35 ஆண்டுகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் பணியாற்றியவர் அவர். பிரதிநிதித்துவ அரசாங்கத்தைப் போற்றிய அந்த நூலின் இறுதியில், இந்தியா போன்ற நாடுகளுக்கு அது இப்போது பொருந்தாது என்று எழுதினார். தகுதிக் கோட்டை யார் வரைகிறார்களோ அவர்கள் ஒருபோதும் கோட்டுக்கு வெளியே நிற்பதில்லை என்பதை மில்லைப் படிக்கும்போது நான் முதலில் கவனித்தேன்.

அதைவிடப் பழைய சான்று நம்மிடமே இருக்கிறது. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், ஏறத்தாழ 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறை என்று பள்ளியில் படித்திருக்கிறோம். பழந்தமிழர் மக்களாட்சி என்று நானே வகுப்பில் பெருமையோடு கற்பித்திருக்கிறேன். பிரென்னனைப் படித்தபின் அந்தக் கல்வெட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். முப்பது குடும்புகள், அதாவது ஊர்ப் பிரிவுகள். பெயர் ஓலையில் ஏற வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதக் கல்வி வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் என்றால், ஒரு வேதமும் ஒரு பாடியமும் அறிந்திருந்தால் போதும். நிலத்தின் குறைவைப் படிப்பு ஈடுகட்டுகிறது! முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களின் உறவினர்களும் விலக்கப்பட்டார்கள். மிஞ்சிய பெயர்களைக் குடத்தில் இட்டு ஒரு சிறுவன் கையால் எடுக்கச் செய்தார்கள்.

பிரென்னன் கேட்கும் அறிவுத்தகுதியும் குலுக்கலும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரே சுவரில் இருக்கின்றன. கணக்குக் காட்டாதவரை விலக்கிய அந்த விதியை இன்றும் நான் வியக்கிறேன். ஆனால் அது ஒரு சதுர்வேதிமங்கலத்துச் சபை, அந்தணர் ஊரின் சபை. அந்த நிலத்தை உழுதவர்களின் பெயர் எந்த ஓலையிலும் ஏறியிருக்க முடியாது. நெல் எப்போது பழுக்கும், ஏரியில் மண் எவ்வளவு மேவியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரியமே இருந்த ஊர் அது. எந்த அறிவு அறிவாகக் கணக்கில் வரும் என்பதைச் சபை ஏற்கெனவே முடிவு செய்திருந்தது.

இது என்றோ முடிந்த கதை என்று நினைக்க வேண்டாம். நம் அரசியல் சட்டத்தின் 171ஆம் பிரிவுப்படி, சட்ட மேலவை உள்ள மாநிலங்களில் அதன் உறுப்பினர்களில் பன்னிரண்டில் ஒரு பங்கைப் பட்டதாரிகள் மட்டும் தேர்ந்தெடுக்கிறார்கள். இன்னொரு பங்கை ஆசிரியர்கள். தமிழ்நாட்டு மேலவை 1986இல் கலைக்கப்படும்வரை இங்கேயும் அது நடந்தது. இந்த அவையின் மூத்த ஆசிரியர்களில் சிலர் அதில் வாக்களித்திருப்பீர்கள். அண்டை மாநிலமான கர்நாடகத்தில் இன்றும் நடக்கிறது. பட்டதாரித் தொகுதிகளிலிருந்து வந்தவர்கள் மற்றவர்களைவிட ஞானத்தோடு சட்டம் இயற்றினார்கள் என்று சொல்ல என்னிடம் எந்தச் சான்றும் இல்லை.

அறிவுத்தேர்வு வைத்து வாக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைப் பிரென்னனின் நாடே பல பத்தாண்டுகள் சோதித்துப் பார்த்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்கள் அந்தச் சோதனைக்கூடம்.

மிசிசிப்பி மாநிலத்தில் வாக்காளராகப் பதிய வேண்டுமானால் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவை வாசித்து, பதிவாளருக்குத் திருப்தி ஏற்படும்படி விளக்க வேண்டியிருந்தது. எந்தப் பிரிவு என்பதைத் தேர்ந்தெடுப்பவரும் பதிவாளர், திருப்தி அடைய வேண்டியவரும் அவரே. 1962 ஆகஸ்ட் 31 அன்று ரூல்வில் என்ற ஊரிலிருந்து ஒரு பேருந்தில் கறுப்பின மக்கள் சிலர் இந்தியானோலா நீதிமன்றக் கட்டடத்துக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஃபேனி லூ ஹேமர். இருபது பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்து, சிறு வயதிலேயே பருத்தி பறிக்கப் போனவர். அப்போது 44 வயது. கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை உண்டு என்பதையே அந்த மாதம் நடந்த ஒரு கூட்டத்தில்தான் அறிந்திருந்தார். அவருக்குக் கொடுத்த பிரிவு, வழக்கத்தில் நிலைபெற்றுவிட்ட சட்டங்களைப் பற்றியது. அவரால் விளக்க முடியவில்லை. தேர்வில் தோல்வி. அன்று மாலை திரும்பியபோது, 18 ஆண்டுகள் உழைத்த பண்ணையின் உரிமையாளர், விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லையேல் வெளியேறு என்றார். அவர் வெளியேறினார். அடுத்த ஜூன் மாதம் வினோனா ஊர்ச் சிறையில் அவரை அடித்தார்கள். அந்த அடியின் பாதிப்பு வாழ்நாள் முழுவதும் இருந்தது. 1964 ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில், ஜனநாயகக் கட்சி மாநாட்டின் குழு முன் அமர்ந்து இதையெல்லாம் நாடு கேட்கும்படி சொன்னார்.

தேர்வு நடந்த அன்று, இந்தியானோலாவின் அந்த அறையில் இருந்தவர்களில் மிசிசிப்பி அரசு எப்படி இயங்குகிறது என்பதை நன்றாக அறிந்தவர் யார்? வரிப்பணம் எந்தப் பள்ளிக்குப் போகிறது, எந்தப் பள்ளிக்குப் போவதில்லை என்பது யாருக்குத் தெரியும்? காவல்துறை யாருக்காக வேலை செய்கிறது என்பது? ஹேமருக்குத் தெரிந்த இந்த அரசியலைக் கேட்க அந்தத் தாளில் ஒரு கேள்வியும் இல்லை. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வருவதற்கு முன் மிசிசிப்பியில் பதிவு பெற்ற கறுப்பினத்தவர் 6.7 சதவீதம். இரண்டே ஆண்டில் அது 59.8 ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் அவர்கள் எந்தப் புதுப் படிப்பையும் படித்துவிடவில்லை. தேர்வு நீக்கப்பட்டது, அவ்வளவுதான்.

பிரென்னன் இந்த வரலாற்றை மறைப்பவர் இல்லை. அந்தத் தேர்வுகள் நேர்மையற்ற நோக்கத்தோடு நடத்தப்பட்டவை, நோக்கம் நேர்மையாக இருந்தால் வேறு என்கிறார். தேறுபவர்களில் வெள்ளையரும் வசதியுள்ளவர்களும் மிகுதியாக இருப்பார்கள் என்ற மறுப்பையும் நேராகவே எதிர்கொள்கிறார். மக்கள் பெரும்பாலும் தன்னலத்துக்காக வாக்களிப்பதில்லை, நாட்டுக்கு எது நல்லது என்று தாம் நம்புவதற்குத்தான் வாக்களிக்கிறார்கள், எனவே அறிந்தவர்கள் மட்டும் வாக்களித்தாலும் ஏழைக்குத் தீங்கு வர வேண்டியதில்லை என்பது அவர் பதில். அடித்தட்டு மக்களின் அறியாமை முன்பே நடந்த அநீதியின் விளைவு, வாக்கைக் கொடுப்பதால் அந்த அநீதி தீர்ந்துவிடாது என்றும் சேர்க்கிறார்.

எனக்கு இது போதவில்லை. நல்லெண்ணம் உள்ள அறிந்தவர்களும் தமக்குத் தெரியாததைத் தமக்குத் தெரியாது என்று அறிவதில்லை. தண்ணீர் லாரி வராத தெருவைப் பற்றிப் புள்ளிவிவரம் படித்தவருக்கும் அந்தத் தெருவில் குடத்தோடு நிற்பவருக்கும் தெரிவது வேறு வேறு. வேட்பாளர் அந்தத் தெருவுக்குள் நுழைவதற்கு ஒரே காரணம் அங்கே வாக்குகள் இருப்பது. தேர்வு வைத்து அந்த வாக்குகளை எடுத்துவிட்டால், மிக நல்லெண்ணம் கொண்ட அரசுக்கும் அந்தத் தெருவிலிருந்து செய்தி வராது. ஓரளவு சுதந்திரமான பத்திரிகையும் தேர்தலும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்று அமர்த்தியா சென் சுட்டிக்காட்டியது இதனால்தான். வங்கப் பஞ்சத்தின்போது லட்சக்கணக்கானோர் செத்த 1943இல், ஆட்சி செய்தவர்கள் அறிவில் குறைந்தவர்கள் இல்லை. செத்தவர்களின் வாக்கு அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

பிரென்னனோடு நூல் வடிவில் விவாதித்த ஹெலன் லாண்டெமோர், ஜனநாயகம் குறைய வேண்டியதில்லை, இன்னும் விரிய வேண்டும் என்கிறார். பலவிதமான மனிதர்கள் கூடும்போது வரும் அறிவு, ஒரே மாதிரி படித்த சிலரின் அறிவை வெல்லும் என்பது அவர் வாதம். குலுக்கலில் தேர்ந்த 150 பிரெஞ்சுக் குடிமக்கள் காலநிலை பற்றிக் கூடிப் பேசிய மன்றத்தை அவர் நேரில் ஆராய்ந்தவர். உத்திரமேரூர்க் குடத்தில் எல்லார் பெயரையும் போட்டால் என்ன என்று கேட்பதைப் போன்றது அது. அவரைப் பற்றித் தனியே ஒரு நாள் பேச வேண்டும்.

நம் நாடு 1951, 52இல் முதல் பொதுத்தேர்தலில் எடுத்த முடிவைப் பிரென்னனின் நூலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் சொத்து, வரி, படிப்பு என்ற தகுதிகளால் வாக்கு சிறுபான்மையினரிடமே இருந்தது. 1951 மக்கள்தொகைக் கணக்குப்படி எழுத்தறிவு 18 சதவீதம். 17 கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்கள். தேர்வு வைத்திருந்தால் மிகப் பெரும்பாலோர் வெளியே நின்றிருப்பார்கள். அதற்குப் பதிலாகச் சின்னம் கொடுத்தார்கள். வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிமேல் அவர் சின்னம். படிக்கத் தெரியாதவரை விலக்குவதைவிட, படிக்காமலே தேர்ந்தெடுக்க ஒரு வழி செய்வது என்று முடிவெடுத்த அந்த அதிகாரிகளை நான் வணங்குகிறேன். அப்போதும் ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று சொன்னார்களே தவிரத் தம் பெயரைச் சொல்லவில்லை என்பதால். அடுத்த தேர்தலில் பெயர் சொல்ல வந்தார்கள். வாக்குரிமை இருந்ததால்தான் அவர்கள் பெயரைக் கேட்டுப் போக ஓர் அரசு ஊழியர் இருந்தார்.

அப்படியானால் பிரென்னனின் முதல் நூலை என்ன செய்வது? அதை நான் கீழே வைக்கவில்லை. என் மேல் பிரயோகித்துப் பார்த்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

ஓய்வுக்குப் பின் சொந்தக் கிராமத்தில் குடியேறினேன். 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல். ஆளுக்கு நான்கு வாக்குச்சீட்டு என்பது உங்களுக்குத் தெரியும். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு பெண். தலைவர் பதவிக்கு நின்ற அத்தனை பேரையும் அவர் அலசிக்கொண்டே நின்றார். எந்தத் தெருவில் யார் காலத்தில் மேல்நிலைத் தொட்டி வந்தது, எந்த வேலைக்கு அட்டையில் எத்தனை நாள் ஏறவில்லை, யார் வீட்டுக்கு எந்த நேரத்திலும் போகலாம் என்று எல்லாம் சொன்னார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். இளஞ்சிவப்புச் சீட்டுக்கு அன்று ஒரு தேர்வு வைத்திருந்தால் அவர் தேறியிருப்பார், நாற்பது ஆண்டு அரசியல் பாடம் நடத்திய நான் தேறியிருக்க மாட்டேன்.

மறைப்புக்குள் போய் வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் பச்சையிலும் முத்திரை குத்தினேன். இளஞ்சிவப்பில் அந்தப் பெண் சொன்ன விவரங்களை எண்ணித்தான் குத்தினேன். மஞ்சள் சீட்டில் இருந்த பெயர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பதவிக்கு வருகிறவர் என்ன செய்வார் என்பதும் சரியாகத் தெரியவில்லை. கட்சிச் சின்னம் பார்த்துக் குத்த எனக்குக் கை வந்தது. நூற்றோராவது துப்பாக்கி நினைவுக்கு வந்தது. குத்தாமல் மடித்துப் பெட்டியில் போட்டேன். செல்லாத வாக்குகளில் ஒன்றாக அதை எண்ணியிருப்பார்கள்.

ஜனவரி 2ஆம் தேதி எண்ணிக்கை தொடங்கியது. அடுத்த வாரம் பேருந்து ஏறி மாவட்டத் தலைநகருக்குப் போய், மாவட்ட ஊராட்சி அலுவலகம் எங்கே என்று விசாரித்து, எங்கள் வார்டுக்கு வந்திருக்கும் உறுப்பினர் யார், அவர் கையில் என்ன நிதி வரும் என்று கேட்டேன். அலுவலர் ஒருவர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். ஊருக்கு வந்ததும் அந்தப் பெண்ணிடம் அதை வாசித்துக் காட்டினேன்.